புதுப்பிப்பு: பெர்மாங்கனேட்டின் முதல் துளிகள் நிறமிழக்கத் தாமதிப்பது ஏன்?

முதலாமாண்டு வேதியியல் ஆய்வகத்தில், ஆக்சாலிக் அமிலத்தைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் தரம்பார்க்கும்போது (அதாவது, ஒரு கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து, செலவான அளவைக் கொண்டு மற்றதன் அளவைக் கண்டறியும்போது) முதல் சில துளிகளின் இளஞ்சிவப்பு உடனே மறையாதது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது காரணம் தெளிவாகிவிட்டது. வினையில் உண்டாகும் மாங்கனஸ் அயனியே அவ்வினைக்கு வினையூக்கியாகவும் அமைவதால், அது ஓரளவு சேரும்வரை வினை மந்தமாகவே நடக்கிறது. அதன்பின் பியூரெட்டிலிருந்து (பெர்மாங்கனேட்டைத் துளித்துளியாக விடும் அளவுக்குழாயிலிருந்து) துளி விழுந்ததும், குடுவையை ஒருமுறை சுழற்றுவதற்குள் நிறம் மறைந்துவிடுகிறது. குடுவையை 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவதும் இந்த மந்தநிலையைக் கடப்பதற்காகத்தான். செய்முறைக் கையேடு சூடாக்கச் சொல்வதோடு நின்றுவிடாமல், இக்காரணத்தையும் ஒரு வரியில் விளக்கியிருக்க வேண்டும் என்றே கருதுகிறேன். குடுவையில் அமில ஊடகத்துக்காகச் சேர்க்கும் நீர்த்த கந்தக அமிலத்துக்குப் பதிலாக ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தால், பெர்மாங்கனேட்டின் ஒரு பகுதி குளோரைடை ஆக்சிஜனேற்றம் செய்வதில் செலவாகி, பியூரெட் அளவு கூடுதலாக வந்துவிடும். பெர்மாங்கனேட் கரைசல் அடர் ஊதா நிறம் என்பதால், பியூரெட்டில் கீழ்ப்பிறைக்கு (வளைந்த திரவப்பரப்பின் அடிப்பகுதிக்கு) பதிலாக அப்பரப்பின் மேல்விளிம்பையே தொடக்கத்திலும் முடிவிலும் படிக்க வேண்டும்.