கரை விளக்குக்குக் காசு பிரிப்பது எப்படி?

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில் எங்கள் கரை. இருட்டில் நாட்டுப்படகுகள் கரை அடையாளம் பிடிக்க வைத்த சோலார் விளக்கு, தை மாதத்திலிருந்து ஒரு மணி நேரம் எரிந்து அணைந்துவிடுகிறது. பேட்டரி போச்சு, மாற்ற 18 ஆயிரம்.

படகுக்கு 500 வரி போட்டோம். 41 படகில் 17தான் கொடுத்தன. கொடுக்காதவர் கண்ணிலும் அதே வெளிச்சம்தானே விழுகிறது! இப்படிக் காசு கொடுக்காதவரையும் விலக்க முடியாத பொருளுக்குப் பொதுப் பண்டம் என்று பெயர்; அதுபற்றி 1954இல் பொருளியலாளர் சாமுவேல்சன் எழுதியதை எம்.ஏ.வில் மனப்பாடம் செய்தவன் நான். கரையில் நின்றபோதுதான் புரிந்தது. அப்புறம் மே 1 கிராம சபையில் மனு கொடுத்தோம், பதில் இல்லை. கட்டாதவர் மீனை ஏலம் விடக்கூடாது என்றும் பேச்சு வந்தது. எல்லாரும் மாமன் மச்சான், அது நடக்காது.

ஏலத்திலேயே கூடைக்கு இவ்வளவு என்று பொதுச் செலவுக்குப் பிடிக்கும் ஊர்க்காரர்கள் இங்கே இருந்தால், எவ்வளவு பிடிக்கிறீர்கள்?