ஃபோட்டோஷொப்பில் ஒரே 48 ஏன் ஒரு படத்தில் பெரிதாகவும் இன்னொன்றில் சிறிதாகவும் வருகிறது?

நல்லூர்ப் பெடியன்
அப்பம்மாவின் 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு (நினைவுப் புத்தகம்) அடிக்கிறோம், அட்டையை நான்தான் செய்கிறேன். ஏ4 என்று புதிதாகத் திறந்த கோப்பில் அவவின் பெயரை 48 பொயின்ட்டில் போட்டால் நல்ல பெரிதாக வருகிறது, அதே 48ஐ போனில் எடுத்த படத்தைத் திறந்து அதன்மேல் போட்டால் எறும்பு மாதிரிக் கிடக்கிறது. எழுத்துரு ஒன்றுதான். அச்சில் எந்த அளவு வரும்?

கோண்டாவிலான்
தம்பி, பொயின்ட் கடதாசிக்கான அளவு, ஒரு அங்குலத்துக்கு 72. படத்தில் இருப்பது பிக்சல் மட்டும், அதனால் கோப்பின் ரெசலூஷனை (ஒரு அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பதை) வைத்துத்தான் ஃபோட்டோஷொப் கணக்குப் பார்க்கும். 300 என்றால் 48 பொயின்ட் 200 பிக்சல், 72 என்றால் வெறும் 48 பிக்சல். போன் படம் பல நேரம் 72 என்றே திறக்கும். 4000 பிக்சல் அகலப் படம் 72இல் நாலரை அடிக்கு மேல் அகலமான கடதாசி, அதில் 48 சின்னதாகத்தானே தெரியும்! இமேஜ் சைஸில் ரீசாம்பிள் டிக்கை எடுத்துவிட்டு 300 போடுங்கள், ஒரு பிக்சலும் மாறாது. டிக்கோடு மாற்றினால் படத்தையே பெருப்பித்துவிடும், முகம் மங்கும்.

ஆனால் அந்தப் படத்தின்மேல் எழுதவே வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். 300இல் ஏ4 கோப்பு திறந்து (2480க்கு 3508 பிக்சல்) படத்தை அதற்குள் வையுங்கள். அப்போதுதான் 48 அச்சிலும் 48.

பருத்தித்துறை
ஃபோட்டோஷொப்புக்குப் பதில் கிம்ப் என்ற இலவச மென்பொருள் பாவிப்பவர்களுக்கு: அங்கே எழுத்தளவு வழமையாகப் பிக்சலில் இருக்கும், பக்கத்திலேயே அலகை மாற்றலாம். மற்றதெல்லாம் அண்ணை சொன்ன கணக்குத்தான்.

நல்லூர்ப் பெடியன்
நன்றி அண்ணை, விளங்கிவிட்டது. உள்ளே தேவாரத்துக்கு எத்தனை போடலாம்?

அச்சுக்காரி
நான் 13க்குக் குறைக்க மாட்டேன், வாசிக்கப்போவது அவவின் வயதுக்காரர். பாமினி என்ற பழைய எழுத்துருவில் 13 போட்ட அளவு யூனிகோட் எழுத்துருவில் அப்படியே வராது, எண்ணை நம்பாதீர்கள். வரி இடைவெளியையும் பாருங்கள், தானாக வருவது எழுத்தளவில் 120 வீதம், தமிழுக்கு அது நெருக்கம், மேல்வரியின் கூ கீழ்வரியின் கீயோடு முட்டும். நான் 140 வைப்பேன். கொடுக்கமுன் ஒரு பக்கத்தை 100 வீதத்தில் வீட்டுப் பிரிண்டரில் எடுத்து அம்மாவிடம் வாசிக்கக் கொடுங்கள், 'பக்கத்துக்குப் பொருத்து' என்று இருந்தால் அதை நிறுத்திவிட்டு எடுக்கவேண்டும்.