பங்குனி லீவில் ஊருக்கு வருகிறவர்களுக்கு: பிள்ளைகளோடு நீலகிரி

வெளிநாட்டுக்குக் குடிபோன முதல் வருடத்திலேயே எல்லோரும் கேட்கும் கேள்வி இது. மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ பள்ளிக்கூடத்தில் லீவு விடுகிறார்கள், ஊருக்கு வருகிறோம், பிள்ளைகளை வெளியே எங்கே கூட்டிக்கொண்டு போவது? கோவையிலும் மதுரையிலும் அப்போது வெயில் மண்டையைப் பிளக்கும். குளிர்காலம் முழுக்க மூன்றடுக்குச் சட்டைக்குள் கிடந்த குழந்தையை நேரே அதில் இறக்கினால் சுருண்டுவிடும். தாத்தா பாட்டியோடு இரண்டு நாள் இருந்துவிட்டு மேலே வாருங்கள். நான் பதினோரு வருடம் வெளியே இருந்துவிட்டுக் கோத்தகிரிக்கே திரும்பி வந்தவள். அதனால் இரண்டு பக்கத்துக் கஷ்டமும் தெரியும்.

நாங்கள் முதல் தடவை வந்தபோது எல்லாவற்றையும் தப்பாகச் செய்தோம். மே மாதம், மலர்க் கண்காட்சி சமயம். விமானம் இறங்கிய அன்றே கோவையிலிருந்து டாக்சி. நாலாவது கொண்டை ஊசி வளைவில் பெரியவன் வாந்தி, ஏழாவதில் சின்னவள். பர்லியாறு தாண்டியதும் வண்டி நின்றது நின்றதுதான், குன்னூர் வந்து சேர இரண்டரை மணி நேரம். தங்கிய விடுதியில் ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறை. மறுநாள் டிரைவர் ‘ஏழு பாயின்ட் பார்க்கலாம்’ என்றார், பார்த்தோம். அந்தப் பயணத்தில் உனக்கு என்ன நினைவிருக்கிறது என்று பையனைக் கேட்டால் இன்றைக்கும் டாக்சியின் பின்சீட்டு உறையைத்தான் சொல்கிறான்.

அதனால் என் கணக்கு இதுதான்: ஒரு நாளைக்கு ஒரே இடம். ஊட்டியில் தங்காமல் குன்னூரிலோ கோத்தகிரியிலோ தங்குங்கள். முடிந்தால் ஏப்ரல் பாதிக்கு முன்னால் வந்துவிடுங்கள். உள்ளூர்ப் பள்ளிகளுக்கு லீவு விட்ட பிறகு இங்கே சொல்கிற ‘சீசன்’ சூடு பிடித்துவிடும்.

அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் பிள்ளைகள் விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து உட்காருவதைப் பற்றிப் புலம்புவார்கள். இங்கே அது வரம். ஏழு மணிக்கே கிளம்பிவிட்டால் தேயிலைச் சரிவில் பனி இன்னும் ஒட்டியிருக்கும், ரோட்டில் நீங்களும் பால் வண்டியும்தான். பகல் பன்னிரண்டுக்கு ஊட்டிக் கூட்டம் கிளம்பும்போது உங்கள் பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள்.

சின்னக் குழந்தை இருந்தால் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் தொடங்குங்கள். 1874-ல் உருவாக்கியது. ஊட்டித் தாவரவியல் பூங்காவைப் போல் அகன்ற புல்வெளி இல்லை, ஒரு பள்ளத்தின் இரண்டு சரிவிலும் மரங்கள். அங்கே ஒரு ருத்ராட்ச மரம் உண்டு. தாத்தா கழுத்தில் இருக்கிற கொட்டை நீல நிறப் பழத்துக்குள்ளிருந்து வருகிறது என்பதைக் கையில் வைத்துக் காட்டினால் எங்கள் வீட்டுக்கு வருகிற எந்தப் பிள்ளையும் ஐந்து நிமிடம் பேச்சற்று நிற்கும். தள்ளுவண்டியை மட்டும் கொண்டு வராதீர்கள். படியும் சரிவுமாக இருக்கும், கடைசியில் குழந்தையையும் வண்டியையும் சேர்த்து நீங்கள்தான் தூக்குவீர்கள். முதுகில் கட்டிக்கொள்ளும் பை இருந்தால் போதும்.

ஊட்டித் தாவரவியல் பூங்காவை விட்டுவிடச் சொல்லவில்லை. 1848-ல் தொடங்கிய தோட்டம், ஏறத்தாழ 55 ஏக்கர். 2 கோடி வருடப் பழமையான கல்லாய்ப் போன மரத்தண்டு ஒன்று கிடக்கிறது, டைனோசர் பைத்தியம் பிடித்த வயதுப் பிள்ளைகளுக்கு அது போதும். (டைனோசர்கள் அதற்கும் வெகு முன்பே போய்விட்டன என்று உங்கள் மகள் திருத்துவாள், தயாராக இருங்கள்.) மேலே ஏறினால் தோடர் மந்து, அதாவது தோடர் பழங்குடியினரின் குடியிருப்பு, வரும். அது வேடிக்கை பார்க்கிற இடம் இல்லை, மனிதர்கள் குடியிருக்கும் இடம். கேட்காமல் படம் எடுக்க வேண்டாம், கோயில் பக்கம் போகவே வேண்டாம்.

கோத்தகிரியைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்வேன், என் ஊர். ஊருக்கு ஒட்டியே லாங்வுட் சோலை, 116 ஹெக்டேர். 2024-ல் ராம்சர் என்கிற உலகச் சதுப்புநிலப் பட்டியலில் சேர்த்தார்கள். தேயிலைக்கும் யூகலிப்டஸுக்கும் முன்னால் இந்த மலை எப்படி இருந்திருக்கும் என்பதன் மிச்சம் அது. வனத்துறை அனுமதியோடு, வழிகாட்டியோடுதான் உள்ளே போகலாம். உள்ளே போனதும் ஏசி அறைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். ஆறு வயதுக்கு மேற்பட்ட, கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு நடக்கத் தெரிந்த பிள்ளைக்கு நல்லது. மூன்று வயதுக் குழந்தையோடு போய் அதை ‘ஷ்ஷ்’ என்று அடக்கிக்கொண்டே இருப்பதில் யாருக்கும் லாபம் இல்லை. அந்த வயதுக்குக் கோடநாடு காட்சிமுனை பரவாயில்லை. மலை திடீரென்று முடிந்து, கீழே மாயாறு நூல் மாதிரி ஓடும். காலையில் போங்கள், பிறகு மேகம் மூடினால் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஒன்றை எதிர்பார்த்து வராதீர்கள்: குறிஞ்சி. 2018-ல் பூத்தது, அடுத்தது 2030, அதுவும் ஜூலைக்கு மேல். உங்கள் லீவில் பார்க்கக் கிடைப்பது ரோட்டோரம் ஊதாவாக நிற்கும் ஜகரண்டா, தொட்டபெட்டா பக்கத்தில் மார்ச்சில் மிச்சமிருக்கும் சிவப்புக் காட்டுப் பூவரசு (ரோடோடென்ட்ரான்). அதுவும் காட்டுத் தீக்குப் பயந்து வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடிவைக்கிற மாதங்கள். ‘ட்ரெக்கிங் ஏற்பாடு செய்கிறேன்’ என்று யாராவது சொன்னால் அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

மலை ரயிலைப் பலரும் கேட்டிருந்தீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவில் பல்சக்கரத் தண்டவாளம், அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறது. ஏறி முடிக்க ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொர்க்கம், இரண்டு வயதுக்கு நரகம். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும், உடனே தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் வருத்தப்படாதீர்கள். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மட்டும் ஏறுங்கள். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒரு மணி நேரம் சொச்சம், குழந்தை சலிப்பதற்குள் வந்துவிடும். இழுப்பது டீசல் எஞ்சின், நீராவி இல்லை என்பதை முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்டேஷனில் அழுகை.

அப்புறம் இ-பாஸ், இணையத்தில் பதிந்து எடுக்கிற அனுமதிச் சீட்டு. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியிலிருந்து வரும் வண்டிகளுக்கு இது வேண்டும், உயர் நீதிமன்ற உத்தரவு. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வைத்தார்கள். வெளிநாட்டு எண் வைத்திருப்பவர்கள் மின்னஞ்சல் முகவரி கொடுத்துப் பதியலாம். ஆனால் வண்டி எண் வேண்டும் என்பதால் டிரைவரையே எடுக்கச் சொல்லி, கிளம்புவதற்கு முன் அவர் போனில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அரசுப் பேருந்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியிலேயே வாங்கிக்கொள்வார்கள், ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் கொண்டு வாருங்கள். வழியில் தண்ணீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள்.

பூஸ்டர் சீட்டை விமானத்திலேயே கொண்டு வந்துவிடுங்கள், டாக்சியில் கிடைக்காது. பின்சீட்டில் பெல்ட் வேலை செய்கிறதா என்றும் ஏறுவதற்கு முன்னால் கேளுங்கள். பனிக்கால ஜாக்கெட் வேண்டாம். பகலில் இருபதைத் தாண்டும், ராத்திரிக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். உங்கள் மாமியார் குரங்குக் குல்லாவோடு நிற்க, உங்கள் பிள்ளை அரைக்கால் சட்டையில் ஓடும். அதற்கு வருகிற பேச்சை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும். குளிர்கிறதே என்று தொப்பியை மட்டும் விட்டுவிடாதீர்கள், இந்த உயரத்து வெயில் தெரியாமலே சுடும்.

அங்கே பூங்காவில் அணிலுக்கும் வாத்துக்கும் தீனி போட்டுப் பழகிய பிள்ளைகள் இங்கே குரங்கிடம் கை நீட்டும். போன வருடம் என் தங்கை மகன் அப்படித்தான், பிஸ்கட் பாக்கெட்டோடு பையும் போனது. நாயோ குரங்கோ கடித்தால், பிறாண்டினால்கூட, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ‘சின்னக் கீறல்தானே’ என்று விடாதீர்கள். இருட்டிய பிறகு குன்னூரிலும் கோத்தகிரியிலும் நடைக்குக் கிளம்ப வேண்டாம். காட்டெருமை எங்கள் தெருவுக்கே வருகிறது, கரடியும் வரும்.

சொந்த ஊர் மதுரை, திண்டுக்கல் பக்கம் என்றால் இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை, கொடைக்கானல் போதும். 1863-ல் வெட்டிய ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர், சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். மலை விளிம்பை ஒட்டிப் போகும் கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் காலை எட்டு மணிக்குள் நடந்துவிடுங்கள்.

சரி, எங்களுக்கு மே மாதம்தான் லீவு என்கிறவர்கள்? வாருங்கள், என்ன செய்வது. மலர்க் கண்காட்சியில் நசுங்குவதற்குப் பதில் அதற்கு முன்னால் கோத்தகிரி நேரு பூங்காவில் நடக்கும் காய்கறிக் கண்காட்சிக்கு வாருங்கள். கேரட்டிலும் கத்தரிக்காயிலும் மிருகங்கள் செய்து வைத்திருப்பார்கள். இறங்கும்போது போலீஸ் எப்படியும் கோத்தகிரி வழியாகத்தான் திருப்பிவிடும், அதனால் சுற்றும் கிடையாது.