ரெண்டு கலர் மஃப்ளர், வட்டப் பின்னல்

கவி: சித்தி, ரெண்டு கலர் மஃப்ளரைக் குழாயா பின்னினா நூல் ரெண்டு மடங்கு திங்காதா?

சித்தி: திங்கும்தான். ஆனா ஒரு கலர்ல பின்னறப்போ மத்த கலர் நூல் பின்பக்கம் குறுக்க ஓடுமே, அதெல்லாம் குழாய்க்குள்ள போயிடும். தட்டையா பின்னினா அதெல்லாம் வெளிய தெரியும், மோதிரம் வளையல்னு எல்லாத்துலயும் மாட்டும். குழாயில பர்ல், அதாவது புரட்டுப் பின்னல் வரிசையே கிடையாது, முழுக்க நிட், அதாவது நேர்ப் பின்னல்தான்.

பெரியம்மா: கதகதப்பும் அதனாலதான். ரெண்டு அடுக்கு, நடுவுல காத்து.

கவி: அளவு?

சித்தி: டிகேன்னு சொல்ற நடுத்தரத் தடிமன் கம்பளி நூல், 4 மி.மீ. வட்ட ஊசி (ரெண்டு முனையைக் கயிறு இணைக்கும்), நீளம் 40 செ.மீ. 10 செ.மீ.க்கு 24 கண்ணி வந்தா மொத்தம் 96 போடு. சுத்தளவு 40, மடிச்சா அகலம் 20 செ.மீ. 160 செ.மீ. நீளத்துக்குக் கலருக்கு 200 கிராம் வாங்கிக்கோ. 96ன்னா 4, 6, 8, 12 கண்ணிக்கு ஒரு தடவை திரும்ப வர்ற எல்லா டிசைனும் சரியா உக்காரும்.

பெரியம்மா: 60 செ.மீ. ஊசி வேணாம், கண்ணி சுத்தி எட்டாது. கண்ணி கணக்குப் பார்க்கற சாம்பிளும் வட்டமாவே பின்னு. தட்டையா பின்னினா பர்ல் வரிசை கணக்கை மாத்திடும். சேர்க்கறப்போ கண்ணி முறுக்கியிருக்கான்னு பாரு, அப்புறம் பிரிக்கறதைத் தவிர வழியில்ல.

முரளி: சிவப்பும் பச்சையும் எப்படி இருக்கும்?

சித்தி: போன்ல கறுப்பு வெள்ளையா படம் எடுத்துப் பாருப்பா. ரெண்டும் ஒரே சாம்பலா தெரிஞ்சா டிசைன் எடுக்காது.

பெரியம்மா: அடர் கலரை ஈரமாக்கி வெள்ளைத் துணியில அழுத்திப் பாருங்க. சாயம் இறங்குற நூலோட வெள்ளையைச் சேர்க்கவே கூடாது.

கவி: 📷 இதுல டிசைன் வர்ற இடம் மட்டும் சுருங்கி நிக்குது பாருங்க.

சித்தி: பின்னாடி நூல் இறுக்கம். கலர் மாத்தறதுக்கு முன்னாடி வலது ஊசியில இருக்கற கண்ணிகளை நல்லா விரிச்சுவிட்டு, அப்புறம் புது நூலை எடு. கண்ணி நெருங்கி இருக்கறப்போ எடுத்தா குறுக்க ஓடுற நூல் குட்டையா போயிடும். துவைச்சாலும் அது சரியாகாது. இன்னொரு வழி, உள்பக்கம் வெளிய தெரியற மாதிரி திருப்பிப் போட்டுப் பின்னு. நூல் வெளிவட்டத்துல சுத்தும், தானா நீளம் கிடைக்கும்.

பெரியம்மா: 5 கண்ணிக்கு மேல ஒரே கலர் ஓடினா நடுவுல ஒரு தடவை பின்னாடி ஓடுற மத்த நூலைப் பின்னுற நூலோட கோத்துவிடு. ஆனா ரவுண்டுக்கு ரவுண்டு ஒரே கண்ணிக்குப் பின்னாடி கோக்காத, முன்பக்கம் கோடு மாதிரி எட்டிப் பார்க்கும்.

கவி: எந்தக் கலர் எந்தக் கையில?

பெரியம்மா: டிசைன் கலர் இடது கையில, பின்னணி வலது கையில. இடது கை நூல் கீழ இருந்து வரும், அதோட கண்ணி கொஞ்சம் பெருசா விழும், அதுதான் தூக்கலா தெரியும். பாதியில கை மாத்தினா மஃப்ளர்ல ரெண்டு விதமா தெரியும்.

முரளி: ரவுண்டு முடியற இடத்துல டிசைன் படி மாதிரி விலகுமே?

சித்தி: விலகும். ரவுண்டு ஆரம்பத்தைக் காட்டற மார்க்கர் வளையம் இருக்கற இடத்தை மடிப்பு ஓரத்துல வச்சுடு, யாருக்கும் தெரியாது.

கவி: முனையை எப்படி மூடறது?

சித்தி: 48, 48ஆ ரெண்டு ஊசியில பிரிச்சு, ரெண்டையும் சேர்த்துப் பின்னி மூணாவது ஊசியால மூடிடு. ஆரம்ப முனையைத் தைச்சுக்கலாம். நூல் நுனியெல்லாம் உள்ளதான், முடிச்சுப் போட்டு விட்டுட்டா போதும்.

பெரியம்மா: வெதுவெதுப்பான தண்ணியில ஊறவச்சு, பிழியாம டவல்ல சுருட்டி அழுத்தி, தட்டையா காய வை. கொடியில போட்டா நீண்டுடும்.

முரளி: குஞ்சம்?

சித்தி: காய்ஞ்சப்புறம் கட்டு. ரெண்டு அடுக்கையும் சேர்த்துக் குத்தி எடு, ஒரு அடுக்குல மட்டும் கட்டினா ஓரம் இழுத்துக்கும்.