‘வேண்டாம்’ என்று சொன்ன பிறகும் போன ரிலீஸ்

சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் எனக்கு 11 வருடம். சைன்-ஆஃப், அதாவது ரிலீஸ் போகலாம் என்ற இறுதி ஒப்புதல், என் கையில்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது.

இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டும் ஆப். வெள்ளி இரவு ரிலீஸ். வங்கியின் பதில் தாமதமானால் ஆப் தானாகவே மறுபடி முயன்று, ஒரே பிரீமியத்தை இரண்டு முறை பிடித்துவிடும். இந்த பக்கை (பிழையை) வியாழன் மதியம் செவிரிட்டி 1, அதாவது மிகக் கடுமையான பாதிப்பு என்று பதிவு செய்தேன். செவிரிட்டி 1, 2 எதுவும் சரிசெய்யாமல் ஓப்பனில் இருந்தால் ரிலீஸ் போகக் கூடாது என்பது எங்கள் விதி.

யாரும் என்னோடு சண்டை போடவில்லை. மாலை, பக்குகளைத் தரம் பிரிக்கும் ட்ரையாஜ் கூட்டத்தில், “வங்கிப் பக்கம் அவ்வளவு மெதுவாவது அபூர்வம்தானே” என்றார் டெலிவரி மேனேஜர். 1 என்பது 3 ஆனது. அவ்வளவுதான், விதிப்படி எல்லாம் சரியாகிவிட்டது. அன்றிரவு போன் மீட்டிங்கில் எனக்குச் சம்மதமில்லை என்றேன். “குறித்துக்கொண்டோம்” என்றார்கள். அப்புறம் சைன்-ஆஃப் மெயிலையும் நானே அனுப்பினேன். அது இன்றும் மனதை உறுத்துகிறது.

திங்களன்று ஆப்பில் மாதக் கடைசி நெரிசல். வங்கி திணறியது. பென்ஷன் பணத்தில் இரண்டு தவணை போய்விட்டது என்று ஒரு பெரியவர் சப்போர்ட்டுக்கு போன் செய்து அழுதாராம். மறுநாள் மீட்டிங்கில் முதல் கேள்வி: “டெஸ்டிங்கில் இது ஏன் சிக்கவில்லை?”

பக்கின் ஹிஸ்டரியைத் திறந்து காட்டினேன். யார், எத்தனை மணிக்கு மாற்றினார் என்பது அதில் இருந்தது.

அதன் பிறகு இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்கினேன். செவிரிட்டியை டெஸ்டர் மட்டுமே மாற்றலாம். எப்போது சரிசெய்வது என்ற ப்ரயாரிட்டி, ஆப்பில் எது முதலில் என்று முடிவெடுக்கும் ப்ராடக்ட் ஓனருடையது. இரண்டாவது, பெரிய பக்கோடு ரிலீஸ் போயே ஆக வேண்டுமென்றால், அந்த ஆபத்தை ஏற்பவர் தன் பெயரில் மெயில் எழுத வேண்டும். ரிலீஸை நிறுத்தும் அதிகாரம் எனக்கு இன்றும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. ஆனால் அந்த மெயிலை எழுதச் சொன்னதுமே தள்ளிப்போன ரிலீஸ்கள் உண்டு.

* * *

தோழி எழுதியதைப் படித்தபோது எங்கள் பழைய டீம் நினைவுக்கு வந்தது. நான் டெவலப்பர். இப்போது இருக்கும் இடத்தில் தனி டெஸ்டிங் டீமே இல்லை. மாற்றங்களோடு ஒரு நாளில் பல முறை நிஜப் பயனர்களிடம், அதாவது புரொடக்‌ஷனுக்குப் போகிறோம். முதலில் சிலருக்கு மட்டும் திறந்து பார்ப்போம், எண்கள் சரியில்லை என்றால் ரோல்பேக், பழைய பதிப்புக்கே திரும்பிவிடுவோம். நிறுத்தும் அதிகாரம் டீமில் யாருக்கும் உண்டு, நேற்று சேர்ந்தவருக்கும்.

இந்தப் படிப்படியான திறப்பை நான் விடவே மாட்டேன். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கினவே, அந்தப் பழுதான கோப்பைத் தானியங்கிச் சோதனை ‘பாஸ்’ என்றுதான் விட்டது. சோதிக்கும் கருவியிலேயே பிழை. கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பியிருந்தால் முதல் சில ஆயிரம் கணினிகளோடு நின்றிருக்கும்.

* * *

இன்னொன்று, எச்சரிக்கை யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதையும் பாருங்கள். அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் நைட் கேப்பிட்டல், 2012 ஆகஸ்ட் 1. புதிய கோடு 8 சர்வரில் 7-க்கு மட்டும் போயிருந்தது, மீதி ஒன்றில் பழையதே இருந்தது. சந்தை திறக்கும் முன்பே அவர்களது சிஸ்டம் ஊழியர்களுக்கு 97 மெயில்கள் அனுப்பியது. அவை எச்சரிக்கை என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். தோழி, ஒரு கேள்வி: செவிரிட்டியை மாற்றிய மேனேஜர் அப்புறம் என்ன ஆனார்?

* * *

நீங்கள் கேட்ட மேனேஜர் எங்கள் அதே டீமில்தான் இருக்கிறார். புது விதி வந்த பிறகு முதல் மெயிலை எழுதியவரும் அவர்தான். பக் என்ன, யாருக்குப் பாதிப்பு, எந்தத் தேதிக்குள் சரியாகும் என்று மூன்று பத்தி எழுதியிருந்தார். அந்த ரிலீஸுக்கு நான் தயங்காமல் சைன்-ஆஃப் கொடுத்தேன்.