மேட்சன் வழக்கு: லிங்கன் யார் பக்கம் நின்றார்?

பொதிகைக்காற்று:
தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் ஒப்பிக்கும் லிங்கன் பட்டியல் எல்லோருக்கும் மனப்பாடம். கடை நொடித்தது, 1832 தேர்தலில் தோல்வி, செனட்டுக்கு இரண்டு முறை தோல்வி, கடைசியில் ஜனாதிபதி. 1834 முதல் இல்லினாய் சட்டமன்றத்துக்குத் தொடர்ந்து நான்கு முறை ஜெயித்தது அதில் வராது. ஏறத்தாழ 25 வருட வக்கீல் தொழிலும் வராது. கல்லூரிப் பக்கமே போகாமல், இரவல் சட்டப் புத்தகங்களைத் தானே படித்து 1836இல் உரிமம் வாங்கியவர். அவரும் கூட்டாளிகளும் நடத்திய வழக்குகள் 5,000க்கு மேல். தோற்றுக்கொண்டே இருந்த ஆளிடம் யார் கேஸ் கொடுப்பார்கள்? அந்தத் தொழில்தான் அவரை அரசியல்வாதியாக்கியது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது என் கட்சி.

முரட்டு முத்து:
வெட்கப்பட ஒன்றுமில்லையா? ராபர்ட் மேட்சன் என்று, அடிமை முறை சட்டப்படி இருந்த கென்டக்கி மாநிலத்துக்காரர் ஒருவர். அடிமை முறைக்குத் தடை இருந்த இல்லினாயில் பண்ணை வைத்துக்கொண்டு, அங்கே வேலை செய்ய வருடாவருடம் அடிமைகளைக் கூட்டிவருவார். அறுவடை முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடுவார், நிரந்தரவாசி என்று யாரும் உரிமை கேட்டுவிடக் கூடாதே. பண்ணையைக் கவனித்த ஆண்டனி பிரையன்ட் சுதந்திர மனிதர், ஆனால் அவர் மனைவி ஜேனும் பிள்ளைகளும் அடிமைகள். பிள்ளைகளைத் தெற்கே விற்றுவிடுவேன் என்று அந்த வீட்டு நிர்வாகி மிரட்டியதும் ஜேன் நான்கு பிள்ளைகளோடு ஓடினார். பிடித்துச் சிறையில் போட்டார்கள். 1847 அக்டோபரில் விசாரணை. அந்தத் தாயையும் பிள்ளைகளையும் மேட்சனிடமே திருப்பிக் கொடுங்கள் என்று வாதாடியவர் லிங்கன். காசுக்காக. ஏற்கெனவே காங்கிரஸுக்குத் தேர்வாகியிருந்தவர், டிசம்பரில் போய்ப் பதவியேற்க வேண்டியவர், ஒரு அடிமை முதலாளிக்கு வக்காலத்து போட்டிருக்கிறார்.

கோர்ட்டு வாசல்:
முத்து சார், நானும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். கட்சிக்காரரின் பாவத்தை வக்கீல் தலையில் ஏற்றினால் ஊரில் யாருக்கும் வக்கீல் கிடைக்க மாட்டார். 1841இல் நடந்ததையும் சொல்லுங்கள். நான்ஸ் என்ற பெண்ணை வாங்க பெய்லி என்பவர் புரோநோட்டு எழுதிக் கொடுத்தார், பிறகு பணம் தரவில்லை. பெய்லிக்காக மாநில உச்ச நீதிமன்றத்தில் நின்றவர் லிங்கன். இல்லினாயில் நிறம் எதுவானாலும் ஒருவர் சுதந்திரமானவர் என்றே கொள்ள வேண்டும், அப்படிப்பட்டவரை விற்க முடியாது, ஆகவே நோட்டு செல்லாது என்று ஜெயித்தார்.

முரட்டு முத்து:
அப்படியானால் இன்னும் மோசம். சட்டம் தெரிந்தே ஆறு வருடம் கழித்து எதிர்ப்பக்கம் போயிருக்கிறார்.

வழிப்போக்கி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பிள்ளையின் ஆசிரியருக்கு லிங்கன் எழுதிய கடிதம் எந்த வருடம்?

கோர்ட்டு வாசல்:
அவர் எழுதியதே இல்லைம்மா. வாட்ஸ்அப்பில் சுற்றுவதோடு சரி.

பொதிகைக்காற்று:
அந்தக் காலத்து இல்லினாயைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ரயில் அப்போதுதான் எட்டிப்பார்க்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை எட்டாவது சர்க்யூட் (பல ஊர்கள் சேர்ந்த நீதிமன்ற வட்டாரம்) நீதிபதி குதிரை வண்டியில் கிளம்புவார், பின்னாலேயே வக்கீல்களும் ஊர் ஊராகப் போவார்கள். விடுதியில் ஒரே கட்டிலில் இரண்டு வக்கீல்கள். நீதிபதி டேவிட் டேவிஸ் பெருத்த சரீரம் என்பதால் அவருக்கு மட்டும் தனிக் கட்டில். லிங்கன் காகிதங்களைத் தொப்பிக்குள் செருகி வைப்பார். அலுவலகத்தில் ஒரு காகிதக் கட்டின் மேல், வேறெங்கும் கிடைக்காவிட்டால் இதில் பார் என்று எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு ஊரிலும் வழக்கு கையில் வந்து விழும். இன்று எதிரில் நின்றவர் நாளை பக்கத்தில் நிற்பார். ஜூரியில் உட்கார்ந்த விவசாயிதான் பின்னால் ஓட்டுப் போடுகிறவர். அவர்களிடம் சிக்கலான விஷயத்தை எளிதாகப் பேசிப் பழகியதுதான் 1858இல் செனட் போட்டியில் எதிர்த்து நின்ற டக்ளஸோடு நடந்த ஏழு விவாதங்களில் கைகொடுத்தது. 1860இல் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த சிகாகோ கட்சி மாநாட்டில் அவருக்காக ஆள் பிடித்தவர்? அதே டேவிஸ்.

அதே 1858இல், பழைய நண்பரின் மகன் டஃப் ஆம்ஸ்ட்ராங் மேல் கொலை வழக்கு. நிலா வெளிச்சத்தில் அடித்ததைப் பார்த்தேன் என்றார் சாட்சி. லிங்கன் பஞ்சாங்கத்தை வரவழைத்துக் காட்டினார்: அந்த நேரத்தில் நிலா மறையும் நிலையில் இருந்தது. டஃப் விடுதலை, லிங்கன் ஒரு காசு வாங்கவில்லை.

முரட்டு முத்து:
நண்பரின் மகனுக்கு இலவசம், சரி. இல்லினாய் சென்ட்ரல் ரயில்வே மேலேயே 5,000 டாலர் ஃபீஸுக்காக வழக்குப் போட்டு வாங்கியவரும் இவர்தான். மேட்சன் வழக்கில் அவர் வாதம் என்ன தெரியுமா? நிரந்தரமாக வைத்திருந்தால் இவர்கள் சுதந்திரம் பெற்றவர்கள்தான், ஆனால் இவர்கள் வந்து போகிறவர்கள் என்றார். ஓட்டை எங்கே என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கோர்ட்டு வாசல்:
பாதி வாதத்தை எதிர்த்தரப்புக்கு விட்டுக்கொடுத்தார் என்றும் அதைப் படிக்கலாம். எப்படியோ தோற்றார். நீதிபதிகள் ஜேனையும் பிள்ளைகளையும் விடுவித்தார்கள். மேட்சன் ஃபீஸ் கொடுக்காமலே கென்டக்கிக்கு ஓடிவிட்டார் என்று சொல்வார்கள்.

முரட்டு முத்து:
தோற்றதற்கா பாராட்டு? ஜேனை வெளியே கொண்டுவந்தது ஆட்கொணர்வு மனு. அதே ஆட்கொணர்வு உரிமையை 1861இல் உள்நாட்டுப் போரைச் சொல்லி நிறுத்திவைத்தவர் உங்கள் லிங்கன். பொதுமக்கள் ராணுவ நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டார்கள்.

கோர்ட்டு வாசல்:
கலகக் காலத்தில் நிறுத்தலாம் என்று அமெரிக்க அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. ராணுவ விசாரணை வேறு கதை. சாதாரண நீதிமன்றங்கள் இயங்கும் இடத்தில் பொதுமக்களை அப்படி விசாரிக்க முடியாது என்று 1866இல் மில்லிகன் வழக்கில் தீர்ப்பு எழுதியவர் யார் தெரியுமா? லிங்கனே உச்ச நீதிமன்றத்தில் நியமித்த டேவிட் டேவிஸ். விடுதியில் தனிக் கட்டில் வாங்கினாரே, அவர்தான்.

முரட்டு முத்து:
சரி, டேவிஸுக்கு ஒரு சலாம். ஆனால் அந்தத் தீர்ப்பு உங்கள் கட்சிக்காரருக்குச் சாதகமா பாதகமா? அதைச் சொல்லிவிட்டுப் போங்கள், வக்கீல் சார்.