காய்ச்சல் நின்றுவிட்டது, டாக்டர் வீட்டுக்கு விடவில்லை: டெங்கு வந்தவர்கள் சொல்லுங்கள்

அம்பை ஆத்தங்கரை
வியாழன் இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எங்க வீட்டுக்காரருக்கு டெங்கு. வயது 38. டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார்.

ஞாயிறு சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வந்தவர் "மேலுக்கு ஒரு மாதிரி இருக்கு" என்று தார்சாவிலேயே படுத்துவிட்டார். ராத்திரி 103 டிகிரி. குறுக்கு உடைந்துபோன மாதிரி வலி. கண்ணைத் திருப்பினாலே உள்ளுக்குள் குத்துகிறது என்றார். போன வாரம் மழையில் நனைந்துகொண்டு வந்தாரே, அந்தக் காய்ச்சல்தான் என்று நினைத்தோம். திங்கள்கிழமை மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். வேளைக்கு மூன்று மாத்திரை, பேர் இல்லாத பொட்டலம். என்ன மாத்திரை என்று நானும் கேட்கவில்லை. செவ்வாயும் குறையவில்லை. புதன்கிழமை ரத்தம் எடுத்தார்கள். டெங்குவைக் காட்டும் என்.எஸ்.1 டெஸ்ட் பாசிட்டிவ், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணு 1,10,000. அன்றைக்கே பெட்டில் சேர்த்துவிட்டார்கள்.

இன்று காலை தொட்டுப் பார்த்தேன், உடம்பு குளிர்ந்திருந்தது. 98.4. எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. அவரும் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார். தீபாவளிக்கு இன்னும் பத்து நாள், கடையில் நாலு வண்டி எஞ்சின் பிரித்தபடி கிடக்கிறது, போகலாம் என்கிறார். டாக்டர் மட்டும் "இனிமேல்தாம்மா நாங்க பார்க்கணும், ரெண்டு நாள் இருங்க" என்கிறார். இன்றைக்குப் பிளேட்லெட் 78,000. கொழுந்தனார், பில் ஏற்றுவதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று கோபப்படுகிறார். அத்தை பப்பாளி இலையை இடித்துச் சாறு எடுத்துச் செம்பில் கொண்டுவந்திருக்கிறார்கள்.

காய்ச்சல் போன பிறகு எதற்கு இந்தப் பயம்? பப்பாளிச் சாறு கொடுக்கலாமா? 78,000 என்றால் பிளேட்லெட் ஏற்ற வேண்டுமா, பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய்விடலாமா? சாயங்காலத்திலிருந்து வயிறு லேசாக வலிக்கிறது என்கிறார், பேச்சும் குறைந்துவிட்டது. இட்லி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

*

பாளை நர்ஸம்மா
வியாழன் இரவு 9.55

தாயி, கடைசி வரியில் எழுதியிருக்கிறாயே, வயிறு வலிக்கிறது, பேச்சு குறைந்துவிட்டது என்று. அது இட்லியால் இல்லை. இப்பவே எழுந்து போய் டியூட்டி சிஸ்டரிடம் சொல். இதை அப்புறம் வந்து வாசிக்கலாம்.

போய்ச் சொல்லிவிட்டாயா? சரி, இனிச் சொல்கிறேன். நான் 31 வருஷம் வார்டில் இருந்து ஓய்வு பெற்றவள். டெங்குவில் காய்ச்சல் அடிக்கும் நாள்களை விட அது இறங்கும் நாள்தான் எங்களுக்குப் பயம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் விடுகிற சமயத்தில், சிலருக்கு நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசிய ஆரம்பிக்கும். ரத்தத்தில் இருக்கும் நீர் வெளியேறி வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் தேங்கும். உள்ளே இருக்கும் ரத்தம் கெட்டியாகும். அதைக் காட்டுகிற எண்தான் பி.சி.வி. எல்லோரும் பிளேட்லெட்டையே கேட்கிறார்கள், பி.சி.வி.யை யாரும் கேட்பதில்லை. நீ கேள். சேர்த்த அன்றைக்கு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று கேள். பிளேட்லெட் இறங்கும்போதே பி.சி.வி. விறுவிறுவென்று ஏறினால் கசிவு நடக்கிறது என்று பொருள்.

பி.பி. பார்க்கும்போது இரண்டு எண்ணையும் எழுதிக்கொள். 100/80 என்றால் நல்ல பி.பி. போலத் தெரியும். ஆனால் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் வித்தியாசம் 20-க்கு வந்துவிட்டால் நாங்கள் ஓடுவோம். கை கால் சில்லிட்டுப் போவது, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், ஆறு மணி நேரமாக மூத்திரம் போகாதது, இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதே.

இந்தக் கசிவு ஒன்று, இரண்டு நாள்தான் இருக்கும். அதற்குள் அளந்து அளந்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. கசிந்த நீர் பிறகு தானாகவே ரத்தத்துக்குத் திரும்பும். அப்போதும் டிரிப்ஸை ஓடவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். வீட்டில் வைத்து இதைப் பார்க்க முடியாது. கொழுந்தனாரிடம் சொல், அந்த டாக்டர் இருங்கள் என்று சொன்னது சரிதான்.

ரத்தக்கசிவு இல்லாமல் 78,000-க்கு யாரும் பிளேட்லெட் ஏற்ற மாட்டார்கள். பொதுவாக 10,000-க்குக் கீழே போனாலோ ரத்தம் கசிந்தாலோதான் அந்தப் பேச்சு. அந்தப் பொட்டல மாத்திரை மிச்சமிருந்தால் டாக்டரிடம் காட்டிவிடு. ஆஸ்பிரின், டைக்ளோபினாக், இப்யூபுரூபன் எதுவும் டெங்குவில் ஆகாது, வயிற்றில் ரத்தம் கசியவிடும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்தான், அதுவும் டாக்டர் சொன்ன அளவு.

*

கடையநல்லூரான்
வியாழன் இரவு 11.20

தங்கச்சி, உன் வீட்டுக்காரர் "போகலாம்" என்று சொன்னதாக நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் இதே வார்த்தையைச் சொன்னவன்.

2012 மே மாதம். அப்போது எங்கள் ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது, தென்காசி 2019-இல்தான் பிரிந்தது. கோடையில் குழாய்த் தண்ணீர் பல நாளுக்கு ஒரு தடவைதான் வரும். வருகிற அன்றைக்கு வீட்டில் இருக்கும் அண்டா, குடம், டிரம், சிமெண்டுத் தொட்டி எல்லாவற்றையும் நிரப்பி வைப்போம். தண்ணீரைச் சேர்த்துவைப்பது எங்களுக்குக் கெட்டிக்காரத்தனம். அந்தத் தொட்டிக்குள்தான் கொசு வளர்ந்தது. சாக்கடைக் கொசு இல்லை, காலில் வெள்ளை வரி போட்ட ஏடிஸ் கொசு. நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில்தான் கடிக்கும். எங்கம்மா பட்டாசாலில் உட்கார்ந்து பீடி சுற்றும்போது காலைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். நாங்கள் ராத்திரிக்குக் கொசுவலை கட்டிக்கொண்டு பத்திரமாக இருப்பதாக நினைத்தோம்.

ஒரு தெருவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். அது என்ன காய்ச்சல் என்பதற்கு முதலில் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். எனக்கு வயது 26, ஜவுளிக்கடையில் வேலை. நாலு நாள் கிடந்தேன். ஒரு கிளினிக்கில் தினமும் இடுப்பில் ஊசி போட்டு அனுப்பினார்கள், ரத்தம் எடுத்துப் பார்க்கவே இல்லை. ஊசி போட்ட இடம் கருநீலமாகக் கன்றிப்போனது. அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் காலை காய்ச்சல் இல்லை. அம்மா தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள், உளுந்தங்கஞ்சி குடித்தேன், சட்டை போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் நடந்தேன். வயிற்றைப் பிடித்து முறுக்கியது. வேர்த்துக் கொட்டுகிறது, ஆனால் மே மாத வெயிலில் கை ஐஸ் மாதிரி இருக்கிறது. டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தது நினைவிருக்கிறது. அப்புறம் ஆம்புலன்ஸ் கூரை. எங்கம்மா என் கையை இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தார்கள். பாளை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது என் பி.பி. இயந்திரத்தில் விழவில்லை. வார்டில் பெட் போதாமல் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் செங்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன், ஏழெட்டு வயது இருக்கும். மூன்றாம் நாள் காலையில் அந்தப் பாய் காலியாக இருந்தது. வீட்டுக்குப் போய்விட்டானா என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. அந்த வருஷம் தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு, 66 சாவு என்பது அரசுக் கணக்கு. அந்த எண்ணை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்தப் பாய்தான் தெரியும்.

நான் பிழைத்தது அரசு ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க மணிக்கு ஒரு தடவை வந்து நாடி பார்த்த பிள்ளைகளால். அவர்கள் பேர்கூட எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உன் வீட்டுக்காரருக்கு முன்னால் எப்போதாவது டெங்கு வந்திருக்கிறதா? இந்த வைரஸில் நாலு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகை திரும்ப வராது. ஆனால் இரண்டாம் தடவை வேறு வகை வந்தால் ஆபத்து கூடுதல். டாக்டரிடம் அதையும் சொல்லிவிடு.

ஒர்க்‌ஷாப் என்று எழுதியிருக்கிறாய். பழைய டயர் எங்கே போட்டிருக்கிறீர்கள்? மழைத் தண்ணீர் டயருக்குள் நின்றால் எட்டுப் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது தங்கச்சி. முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்து, மாசக்கணக்காகக் கிடக்கும். அடுத்த மழைக்கு உயிர் வரும். தொட்டி என்றால் தேங்காய் நாரோ பிரஷோ வைத்து உள்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுகைக்குப் போகும் முன்னால் அந்த வேலையை முடித்துவிடுவேன்.

*

மூலிகைத் தெரு
வெள்ளி காலை 6.30

பாளை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். பப்பாளிச் சாறு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது பிளேட்லெட்டை ஏற்ற உதவலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் நர்ஸம்மா சொன்ன கசிவை அது நிறுத்தும் என்பதற்குச் சான்று இல்லை. வயிற்று வலியும் குமட்டலும் இருக்கும் ஆளுக்கு அந்தக் கசப்பைப் புகட்டினால் வாந்திதான் வரும், உள்ளே போன தண்ணீரும் வெளியே வந்துவிடும். அத்தையிடம் பக்குவமாகச் சொல்லி இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள்.

நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பற்படாகம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு என்று ஒன்பது சரக்கு. 2012-க்குப் பிறகு அரசே ஊர் ஊராகக் கொடுத்தது. நான் அதை மதிக்கிறவன், காய்ச்சலுக்குக் கொடுக்கிறவன். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான்காம் ஐந்தாம் நாளில் இருப்பவருக்கு, மருத்துவரைக் கேட்காமல் அதையும் கொடுக்கச் சொல்ல மாட்டேன். இளநீர், உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். இதில் எது, எவ்வளவு என்று கேட்டுக் கொடுங்கள். குடித்ததையும் போனதையும் ஒரு தாளில் குறித்துவையுங்கள்.

*

அம்பை ஆத்தங்கரை
திங்கள் மாலை 5.15

அக்கா, அண்ணாச்சி, எல்லோருக்கும் எழுத இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது. வீட்டுக்கு வந்துவிட்டோம்.

வியாழன் ராத்திரி அக்கா சொன்னதும் ஓடிப்போய்ச் சிஸ்டரிடம் சொன்னேன். பி.பி. 96/78. இரண்டையும் கழித்துப் பார்த்து எனக்குக் கை நடுங்கிவிட்டது. புதன்கிழமை 41 இருந்த பி.சி.வி. 49. டாக்டர் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டார். டிரிப்ஸ் வேகத்தைக் கூட்டி, மணிக்கு ஒரு தடவை பார்த்து, பிறகு குறைத்து, விடிய விடிய அங்கேயே நின்றார். கொழுந்தனார் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். காலையில் டாக்டருக்கு டீ வாங்கி வந்தது அவர்தான்.

ராத்திரி இரண்டரை மணிக்கு 150 மில்லி மூத்திரம் போனார். அந்த டப்பாவைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். வெள்ளி பிளேட்லெட் 31,000 வரைக்கும் இறங்கியது, ரத்தக்கசிவு இல்லை, ஏற்றவும் இல்லை. சனிக்கிழமை தானாகவே 52,000, இன்று காலை 1,04,000. கை காலெல்லாம் சிவந்து, நடுவே வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரிகிறது, உள்ளங்கை அரிக்கிறது. அது ஆறிவருகிற அறிகுறி என்று டாக்டர் சொன்னார். முன்னால் டெங்கு வந்ததா என்று அத்தையிடம் கேட்டேன். கல்யாணத்துக்கு முன்பு கேரளாவில் வேலை பார்த்தபோது ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாராம், என்னவென்று யாரும் பார்க்கவில்லை. பொட்டலத்தில் ஒரு மாத்திரை டைக்ளோபினாக்தான். இனி பேர் தெரியாத மாத்திரை எங்கள் வீட்டுக்குள் வராது.

நேற்று ஒர்க்‌ஷாப் பின்புறம் போய்ப் பார்த்தேன். 23 டயர். ஒன்றைச் சாய்த்து டார்ச் அடித்தேன், புழு நெளிகிறது. கடைப் பையன்களை வைத்து எல்லாவற்றையும் கவிழ்த்து, பழைய டயர் எடுப்பவருக்குச் சொல்லி அனுப்பியாயிற்று. புறவாசலில் ஒரு பழைய ஆட்டுரல் கிடக்கிறது, அத்தையின் மாமியார் காலத்தது. அதன் குழியிலும் தண்ணீர். அத்தை அதைக் கொடுக்க மனமில்லாமல் குழி நிறைய மண்ணைப் போட்டு, துளசி நட்டுவிட்டார்கள்.

எதிர்வீட்டு ஆச்சிக்கு நேற்று ராத்திரியிலிருந்து காய்ச்சல். மகன் சவூதியில் இருக்கிறார். இன்று காலை நானே கூட்டிக்கொண்டு போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன், ரிசல்ட் ஏழு மணிக்கு. அக்கா, ஆச்சிக்கு 71 வயது, பி.பி. மாத்திரையோடு தினமும் ஆஸ்பிரின் 75 சாப்பிடுகிறார்கள். அதை நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேட்கத்தான் போகிறேன், வேறு என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள். இங்கேயே இருக்கிறேன்.